வாத்து முட்டையும் கைராசியும்



எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்காங்க. வீட்டிலேயே வாத்து முட்டையைப் பொரிக்க வைப்பது எப்படின்னு பேசச் சொன்னாங்க. அதைச் சொல்றேன். கூடவே, பொரிக்காமல் போனால் ஏன் போச்சு என்பதையும் சொல்லப் போறேன். ஏன்னா நம்ம ஊர்களில் முட்டை கூமுட்டை ஆச்சுன்னா யாரும் முட்டையைப் பார்க்கிறதில்லை. அடை வைத்தவள் யாருன்னுதான் கேட்கிறாங்க.

நம்ம பக்கம் ஏரிப் பாசனம். நெல் அறுத்த வயலில் வாத்து மேய்வது நமக்குப் புதுசு இல்லை. ஆரணி வாத்துன்னு சொல்ற நாட்டு வாத்தில் சன்னியாசி, கீரின்னு நிறத்தை வைத்துப் பேர் சொல்வாங்க. நூறு, ஐந்நூறுன்னு மந்தையாக ஓட்டிக்கிட்டுப் போறவங்க தொழில் வேற. நான் சொல்றது வீட்டுப் பின்னால் ஐந்தாறு வாத்து வைத்திருக்கிற நம்மளைப் பற்றி. உள்கடன் வாங்கி வியாபாரியிடம் குஞ்சு வாங்குறோம். பாதி செத்துப் போகுது, மறுபடி வாங்குறோம். முட்டை நம்ம வீட்டிலேயே இருக்கு. அதைப் பொரிக்க வைத்தால் அந்தக் கடனில் ஒரு பகுதி மிச்சம்.

முதலில் முட்டை. கடையில் விற்கிற வாத்து முட்டை சாப்பிடுவதற்கானது. அதில் கரு கூடியிருக்கா, எத்தனை நாள் ஆச்சு, வெயிலில் இருந்ததா என்று ஒன்றுமே தெரியாது. அடைக்கு வைக்கிற முட்டை ஆண் வாத்தோடு சேர்ந்து திரிகிற பெட்டை போட்டதாக இருக்கணும். ஐந்து அல்லது ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். வால் மேலே இரண்டு மூன்று இறகு சுருண்டு நின்றால் அது ஆண். குரலும் காட்டிக் கொடுக்கும். பெட்டைதான் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும், ஆணுக்குத் தொண்டை கட்டின குரல். (எங்க வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரிச்சார்.)

வாத்து விடியலில் முட்டை போடும். காலை எட்டு, ஒன்பது மணி வரைக்கும் கூண்டைத் திறக்காதீங்க. சீக்கிரம் திறந்துவிட்டால் ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் போட்டுவிட்டு வந்துடும். கீழே வைக்கோல் காய்ந்ததாக இருக்கட்டும், சேறு ஒட்டாது. லேசாக ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பச்சைத் தண்ணியில் முக்கிக் கழுவக் கூடாது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. சூடாக இருக்கிற முட்டை குளிர்ந்த தண்ணியில் விழுந்தால் வெளியே இருக்கிற அழுக்கை உள்ளே இழுத்துக்கும். ரொம்ப அழுக்கானதைக் குழம்புக்கு வைத்துக்கோங்க.

சேர்த்து வைக்கும்போது கூர் முனை கீழே, அகல முனை மேலே. நிழலான, குளிர்ந்த இடம் வேணும். நாங்க மண்பானையில் ஈர மணல் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி வைப்போம். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீங்க. சித்திரை, வைகாசியில் நாலு நாளே அதிகம். அந்த வெக்கையில் அடை வைக்காமலே கரு கொஞ்சம் வளர ஆரம்பித்து, பாதியில் நின்று போகும்.

அடுத்து, யார் மேல் வைக்கிறது? முட்டைக்காகவே வளர்க்கிற வாத்து அவ்வளவாக அடைக்கு உட்காராது. நாட்டு வாத்தில் ஒன்றிரண்டு உட்காரும், நம்ப முடியாது. முகத்தில் சிவப்புச் சதை தடித்திருக்குமே, அந்த மஸ்கோவி வாத்து நல்லா உட்காரும். ஆனால் அதன் முட்டைக்கு 35 நாள் கணக்கு. மற்ற வாத்து முட்டைக்கு 28 நாள். அதனால்தான் காலங்காலமாக அடைக்கோழி மேல் வைக்கிறோம்.

பெரிய உடம்புக் கோழியாகப் பாருங்க. கோழி முட்டை 12 வைக்கிற இடத்தில் வாத்து முட்டை 8 அல்லது 9தான் அடங்கும். கோழிக்கு 21 நாளில் முடிகிற வேலை இதில் இன்னும் ஒரு வாரம் நீளுது. நல்ல அடைக்கோழி உட்கார்ந்துக்கும். ஆனால் இளைத்துப் போகும். தினம் ஒரு தடவை இறங்க வைத்துத் தீனியும் தண்ணியும் கொடுக்கணும். கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் ஒரே நாளில் கலந்து வைக்காதீங்க. 21ஆம் நாள் கோழிக்குஞ்சு வந்ததும் தாய் அதுகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடும், வாத்து முட்டை அநாதையாகக் கிடக்கும். இரண்டும் வேணும்னா வாத்து முட்டை வைத்து ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்க்கணும். இது என் மாமியார் சொன்ன கணக்கு, சரியாக வரும்.

இன்னொன்று. தாய் வாத்து தண்ணியில் இறங்கிவிட்டு ஈர இறகோடு வந்து உட்காரும், முட்டைக்கு ஈரம் கிடைக்கும். கோழி நனையாது. அதனால் பாதி நாள் தாண்டினதும் தினம் ஒரு வேளை வெதுவெதுப்பான தண்ணியைக் கையால் தெளிக்கணும். சொட்டச் சொட்ட வேண்டாம், மேலே பூத்தூறல் மாதிரி.

கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் மிளகாயும் போடுகிற பழக்கம் நம்ம எல்லார் வீட்டிலும் இருக்கு. போடுங்க, கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறோமே, கைராசி பார்க்கிறது. பிள்ளை இல்லாதவங்க வைக்கக் கூடாது, புருஷன் இல்லாதவங்க தொடக் கூடாது, வீட்டுக்கு விலக்கானவங்க பக்கத்தில் வரக் கூடாது. அதைப் பற்றித்தான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசணும்.

எங்க குழுவில் ஓர் அக்கா இருக்காங்க. இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்காங்க. பேர் சொல்லாமல் சொல்லிக்கோன்னு உத்தரவு கொடுத்திருக்காங்க. சின்ன வயசில் இருந்து வாத்து பின்னாலேயே நடந்தவங்க. நடையைப் பார்த்தே இது இன்றைக்கு முட்டை போடும், போடாதுன்னு சொல்வாங்க. கணவர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. அன்றையில் இருந்து யாரும் அவங்களை அடை வைக்கக் கூப்பிடறதில்லை. யோசனை மட்டும் கேட்பாங்க, தெருவில் நிற்க வைத்து.

போன பங்குனியில் எங்க குழுவில் ஒரு தங்கச்சி கடன் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் பல்பு வைத்த பொரிப்பான் வாங்கினாள். 40 முட்டை வைக்கிற பெட்டி. 25 முட்டை சந்தையில் வாங்கினாள், 15 முட்டையை இந்த அக்கா தன் வாத்துகளில் இருந்து கொடுத்தாங்க. அந்தத் தங்கச்சிக்குத் தெரியாததால் அக்காவே பெட்டியில் அடுக்கியும் கொடுத்தாங்க. 28 நாள் போச்சு, 29, 30 போச்சு. வந்தது மூணே குஞ்சு.

அவ்வளவுதான். "அவ கை பட்டுது, அதான்"னு அந்த வீட்டுப் பெரியவங்க தெருவில் நின்று சொன்னாங்க. கடன் தவணை எப்படிக் கட்டறதுன்னு தங்கச்சி அழுதாள். அக்கா இரண்டு வாரம் குழுக் கூட்டத்துக்கு வரலை. சேமிப்புப் பணத்தை மட்டும் பையனிடம் கொடுத்தனுப்பினாங்க.

எங்க ஊக்குநர், பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்க்கலாமான்னு கேட்டாங்க. பயிற்சியில் டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க, கூமுட்டையை உடைத்தால் எந்த நாளில் கெட்டதுன்னு தெரிந்துவிடும்னு. நாங்க ஐந்து பேர், மூக்கில் துணி கட்டிக்கிட்டு, எருக்குழி ஓரத்தில் உட்கார்ந்து 37 முட்டையையும் ஒவ்வொன்றாக உடைத்தோம். நாற்றம் சொல்லி முடியாது. ஒன்று பட்டாசு மாதிரி வெடித்தது.

சந்தை முட்டை எது, அக்கா முட்டை எது என்பது எப்படித் தெரியும்னு நீங்க கேட்கணும். அக்கா தன் முட்டையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாங்க, எந்த வாத்து குஞ்சு நல்லா வருதுன்னு பார்க்க. அந்தப் புள்ளி அன்றைக்குப் பெரிய சாட்சியாப் போச்சு.

சந்தை முட்டை 25இல் 19 வெறும் மஞ்சள் கரு, உயிர் பிடித்த அடையாளமே இல்லை. 5 முட்டையில் ரத்த வளையம், அதாவது ஆரம்பத்திலேயே செத்துப் போனது. ஒன்றில் முழுக் குஞ்சு. புள்ளி வைத்த 15இல் பொரிந்த மூணும் சேர்த்தி. ஒன்றில் ரத்த வளையம். மீதி 11 முட்டையிலும் இறகு முளைத்த முழு வாத்துக்குஞ்சு, மூக்கு அகல முனைப் பக்கம் திரும்பி, வெளியே வரத் தயாராக இருந்து செத்திருந்தது. உள்தோல் காய்ந்து, காகிதம் மாதிரி குஞ்சின் மேல் ஒட்டியிருந்தது.

அக்காவின் கை பட்டது 40 முட்டையிலும். அதில் கடைசி வரை உயிரோடு வந்தது பெரும்பாலும் அவங்க கொடுத்த முட்டைதான். கடைசி மூணு நாளில் என்ன நடந்ததுன்னு விசாரித்தோம். தண்ணித் தட்டு வற்றிப் போயிருக்கு. வீட்டில் உள்ள பிள்ளைகள் குஞ்சு வந்திருக்கான்னு மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்திருக்காங்க. பங்குனி வெயிலின் வறண்ட காற்று உள்ளே போய், தோல் இறுகி, குஞ்சால் திரும்ப முடியாமல் செத்திருக்கு. இந்தக் கணக்கை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஊக்குநரும் நானும் புத்தகத்தை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினோம்.

இப்போ பெட்டி விஷயம். வாங்கியிருக்கிறவங்க, வாங்கப் போறவங்க கவனமாகக் கேளுங்க.

பழைய குண்டு பல்பு வேணும், எல்இடி பல்பு சூடு தராது. 40 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால், சூடு ஏறினதும் அணைந்து, இறங்கினதும் எரியும். பாதி நேரம் எரியுதுன்னு வைத்தால் 28 நாளுக்கு 27 யூனிட் ஆகும். உள்ளே சின்ன விசிறி இருக்கிற பெட்டியில் சூடு 37.5 டிகிரி. விசிறி இல்லைன்னா முட்டையின் மேல்மட்டத்தில் 38ஐக் கொஞ்சம் தாண்டி இருக்கணும். பெட்டியோடு வருகிற மீட்டரை அப்படியே நம்பாதீங்க, ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஒத்துப் பாருங்க. சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும். கூடினால் செத்துப் போகும். கரண்ட் போனால் பதறாதீங்க. மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போட்டு மூடுங்க, காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீங்க. ஓரிரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது.

முட்டையைப் படுக்க வைக்கணும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கோங்க. ஒரு நாளைக்கு மூணு தடவையோ ஐந்து தடவையோ திருப்பணும். ஒற்றைப்படை எதுக்குன்னா, ராத்திரி நீண்ட நேரம் கீழே இருக்கிற பக்கம் தினம் மாறணும். திருப்பலைன்னா கரு ஒரு பக்கமாக ஓட்டோடு ஒட்டிக்கும். இந்த வேலை 25ஆம் நாளோடு நின்றுவிடும். அதுக்கு அப்புறம் தொடக் கூடாது.

ஏழாவது நாள் டார்ச் வைத்துப் பார்க்கணும். இருட்டு அறையில், அட்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை போட்டு, டார்ச்சின் மேல் வைத்து, முட்டையின் அகல முனையை அதன் மேல் வையுங்க. நல்ல முட்டையில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி கால் மாதிரி சிவப்பு நரம்பும் தெரியும். மோதிரம் மாதிரி சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் செத்தது. ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாக ஒளி வந்தால் கரு கூடாதது. இரண்டையும் அன்றைக்கே எடுத்துடணும். விட்டு வைத்தால் அழுகி வெடித்து மற்ற முட்டையையும் கெடுக்கும். பச்சை ஓட்டு முட்டையில் ஏழாம் நாள் சரியாகத் தெரியாது, பத்தாம் நாள் இன்னொரு தடவை பாருங்க. அந்தத் தங்கச்சி அன்றைக்கு டார்ச் அடித்திருந்தால் சந்தை முட்டையைப் பற்றி முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஆனால் பெட்டி விற்றவங்க அவளுக்கு அதைச் சொல்லவே இல்லை.

ஈரம்தான் வாத்து முட்டையில் முக்கியம். ஈரம் காட்டுகிற மீட்டரில் 25 நாள் வரைக்கும் 55 கிட்ட இருக்கட்டும், கடைசி மூணு நாள் 70க்கு மேல் போகணும். மீட்டர் இல்லாதவங்க எடை போட்டுப் பார்க்கலாம். முட்டையில் இருந்து தண்ணி மெதுவாக ஆவியாகி எடை குறையணும். 70 கிராம் முட்டை 25ஆம் நாள் 61 கிராம் கிட்ட வந்திருந்தால் சரி. அதைவிட ரொம்பக் குறைந்தால் பெட்டி காய்ந்திருக்கு, இன்னொரு தட்டில் தண்ணி வையுங்க. குறையவே இல்லைன்னா ஈரம் கூடிப்போச்சு, அதுவும் ஆபத்துதான், குஞ்சு உள்ளேயே மூச்சு முட்டும். 25ஆம் நாள் தட்டு நிறையத் தண்ணி ஊற்றி, ஈரத்துணியும் போட்டு மூடிட்டா அப்புறம் திறக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்துக் கொடுத்துடுங்க, பிரச்சினை தீர்ந்தது.

ஓட்டில் முதல் ஓட்டை விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். சிலது இரண்டு நாள்கூட எடுக்கும். நமக்குத்தான் பொறுமை இருக்காது. பாவம் கஷ்டப்படுதேன்னு ஓட்டைப் பிய்க்காதீங்க. அந்த நேரத்தில்தான் தோலில் ஓடுகிற ரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் குஞ்சின் உடம்புக்குள் போகுது. முன்னாடியே பிய்த்தால் ரத்தம் கொட்டிச் செத்துப் போகும். வந்ததும் உடனே எடுக்கவும் வேண்டாம், இறகு உலர்ந்து பஞ்சு மாதிரி ஆகட்டும். உள்ளே போன மஞ்சள் கரு இரண்டு நாளைக்குச் சோறு.

வெளியே எடுத்த பிறகு முதல் வாரம் 32 டிகிரி சூடு வேணும், வாரா வாரம் குறைக்கலாம். குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். தண்ணி ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்க. மூக்கு முங்கணும், உடம்பு நனையக் கூடாது. தாய் வாத்தின் இறகில் இருக்கிற எண்ணெய்ப் பசை குஞ்சுக்கும் ஒட்டும், அதனால் அது நனையாது. பெட்டியில் பொரித்ததுக்கும் கோழி வளர்த்ததுக்கும் அது கிடையாது. இரண்டு மூணு வாரம் குட்டையில் விடாதீங்க, விறைத்துப் போகும். கோழி வளர்த்த வாத்துக்குஞ்சு முதல் தடவை தண்ணியில் இறங்கும்போது தாய்க்கோழி கரையில் நின்று கதறும் பாருங்க, சிரிக்கவும் முடியாது.

தீனிக்கு ஊறவைத்த நொய்யும் தவிடும், பொடியாக அரிந்த கீரை, அசோலா போதும். பக்கத்தில் எப்போதும் தண்ணி இருக்கணும், இல்லைன்னா தொண்டையில் அடைக்கும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை மட்டும் தொடாதீங்க. மாடு தாங்குகிற விஷத்தை வாத்துக்குஞ்சு தாங்காது. இரண்டு மாசம் ஆகும்போது வாத்து பிளேக் தடுப்பூசி போடணும். எந்தக் கிழமை போடுவாங்கன்னு டாக்டரம்மா இங்கேயே இருக்காங்க, கேட்டுக்கோங்க.

அதே பெட்டியில் ஐப்பசியில் மறுபடி 40 முட்டை வைத்தோம். எல்லாம் குழுவில் உள்ளவங்க வீட்டு முட்டை. அடுக்கினதும் 25ஆம் நாள் மூடினதும் அதே அக்காதான். குழுவில் முடிவு எடுத்தே அவங்களை வைக்கச் சொன்னோம். ஏழாம் நாள் 6 முட்டையை எடுத்தோம். 26 குஞ்சு வந்தது. தங்கச்சி தவணையை விடாமல் கட்டுகிறாள். அந்த வீட்டுப் பெரியவங்க இன்னும் ஒத்துக்கலை, மழை பெய்ததால்தான் பொரிச்சதுன்னு சொல்றாங்க. அதிலும் பாதி உண்மை இருக்கு, மழைக்காலத்துக் காற்றில் ஈரம் உண்டு. நாங்களும் சரின்னு சொல்லிட்டோம். அடுத்த தடவை அவங்களே அக்காவை வீட்டுக்குள் கூப்பிட்டு, எப்போ வைக்கலாம்னு கேட்டிருக்காங்க.

எங்க வீடு இந்தச் சமுதாயக் கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே அடையில் இருக்கிற முட்டைக்கு இன்றைக்கு ஏழாவது நாள். சாப்பாடு முடிந்ததும் எட்டு எட்டுப் பேராக வந்தால் டார்ச் அடித்துக் காட்டறோம். காட்டப் போறது அக்காதான், நான் கதவைச் சாத்தி இருட்டாக்குகிற வேலை. கைக்குழந்தை வைத்திருக்கிறவங்க முதல் எட்டில் வாங்க.